140 ரூபாய் குவாட்டருக்கு ஒரு வீடு கொடுக்கும் விலை

சனிக்கிழமை சாயங்காலம் கட்டட வேலை நடக்கும் இடங்களின் வாசலில் சில பெண்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கையில் ஒரு கட்டைப்பை, இடுப்பில் ஒரு குழந்தை. அவர்கள் அங்கே வேலைக்கு வந்தவர்கள் அல்ல. வாரச் சம்பளம் கணவர் கைக்குப் போய், அங்கிருந்து டாஸ்மாக்குக்குப் போவதற்குள் பாதியையாவது வாங்கிக்கொள்ள வந்தவர்கள். சில மேஸ்திரிகள் கேட்காமலே அந்தப் பெண்ணின் கையில் ஒரு பங்கைக் கொடுத்துவிடுவார்கள். எந்தச் சட்டமும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை, வழக்கமாகிவிட்டது, அவ்வளவுதான்.

ஒரு வீட்டில் ஒருவருக்குப் போதைப் பழக்கம் இருந்தால் அந்த வீட்டின் பணம் எந்தெந்த வழியில் போகிறது, அந்த வீடு உதவி தேடி எங்கெங்கே போகிறது, போக வேண்டிய இடத்துக்கு மட்டும் ஏன் கடைசியில் போகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். தமிழ்நாட்டை வைத்தே பேசலாம்.

முதலில் ஒரு தெளிவு. போதை என்றதும் கஞ்சாவும் ஊசியும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. மருத்துவர்களைப் பொறுத்தவரை மதுவும் போதைப்பொருள்தான். நம் ஊரில் அதிக வீடுகளைக் கவிழ்ப்பதும் அதுதான். மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனை நடத்திய நாடு தழுவிய கணக்கெடுப்பு 2019-இல் வெளியானது. 10 முதல் 75 வயது வரையிலான இந்தியர்களில் 14.6 சதவீதம் பேர் மது அருந்துகிறார்கள் என்றும், கஞ்சா வகைகளைப் பயன்படுத்துவோர் 2.8 சதவீதம் என்றும் அது சொன்னது. மதுவால் உண்டான பிரச்சினைக்கு உதவி தேவைப்படுவோர் மட்டும் சுமார் 5.7 கோடி பேர்.

எப்போதாவது கல்யாண வீட்டில் குடிப்பவரைப் பற்றி இந்தக் கட்டுரை பேசவில்லை. காலையில் கை நடுங்குகிறது, ஒரு கட்டிங் போட்டால்தான் நிற்கிறது, நிறுத்த நினைத்தும் முடியவில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டவரின் வீட்டைப் பற்றித்தான் பேச்சு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கற்பனையாக ஒரு வீடு. கணவர் பெயிண்டிங் வேலை செய்கிறார், நாள் கூலி 800 ரூபாய், மாதம் 24 நாள் வேலை கிடைக்கிறது. 19,200 ரூபாய். மனைவி இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்த்து 5,000 ரூபாய் கொண்டு வருகிறார். ஆக, காகிதத்தில் இந்த வீட்டின் மாத வருமானம் 24,200 ரூபாய்.

சாதாரண ரகக் குவாட்டர் ஏறக்குறைய 140 ரூபாய். தினம் ஒன்று என்றால் மாதம் 4,200. "குடிக்கிற காசை மிச்சம் பிடித்தால் போதும்" என்று அறிவுரை சொல்கிறவர்கள் எல்லாரும் இந்த எண்ணோடு நின்றுவிடுவார்கள். சரி, நாம் கொஞ்சம் மேலே போவோம். தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் டம்ளர், சைடு டிஷ், போகும்போது ஒரு சிகரெட்டு. நாளுக்கு 60 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் மாதம் 1,800. இதுவரை 6,000.

அப்புறம் திங்கட்கிழமை. ஞாயிறு அளவுக்கு மீறினால் திங்கள் வேலைக்குப் போக முடியாது. இடையில் இன்னும் ஒன்றிரண்டு நாள் உடம்பு சரியில்லை. மாதம் ஆறு நாள் போனால் 4,800 ரூபாய் கூலி இல்லை. வேலைக்குச் சரியாக வராதவர் என்று பெயர் எடுத்துவிட்டால் மேஸ்திரி நல்ல வேலைக்கு வேறு ஆளைக் கூப்பிடுவார். அந்த நஷ்டத்தை நான் சேர்க்கவில்லை. அதை எண்ணில் பிடிப்பது கஷ்டம்.

இந்த ஓட்டையை அடைக்க 20,000 ரூபாய் கடன், ஐந்து வட்டிக்கு. ஐந்து வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் ஐந்து ரூபாய், வருடத்துக்கு அறுபது சதவீதம். மாதம் 1,000 ரூபாய் வட்டியாகவே போய்விடும், அசல் அப்படியே நிற்கும்.

கூட்டினால் 11,800 ரூபாய். இதில் குவாட்டரின் விலை 4,200 மட்டும், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். மீதி எல்லாம் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவை. அரசு கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை 2023 செப்டம்பரில் தொடங்கியபோது மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்தது. இந்த வீட்டில் அந்த ஆயிரம் வட்டிக்குச் சரியாகப் போய்விடும். குவாட்டர் கணக்கில் சொன்னால் ஏழு பாட்டில். இதைச் சொல்வது அந்தத் திட்டத்தைக் குறை சொல்ல அல்ல. பெண்ணின் சொந்தக் கணக்கில் நேராக வந்து விழும் பணம் என்பதுதான் அதன் பெரிய பலம். ஆனால் ஏடிஎம் கார்டும் ரகசிய எண்ணும் கணவரின் சட்டைப் பையில் இருந்தால் அந்தப் பலமும் போச்சு.

கடனுக்கும் ஒரு வரிசை உண்டு

முதலில் கூட வேலை செய்பவரிடம் கைமாத்து. அடுத்து மளிகைக் கடையில் பாக்கி. அதன்பின் நகை. நகையிலும் வரிசை இருக்கிறது: குழந்தைக்குச் சீராக வந்த மோதிரம், பிறகு தோடு, பிறகு தாலிக்கொடி. கொடி அடகுக்குப் போனதும் கழுத்தில் மஞ்சள் கயிறு வந்துவிடும். "கோயிலுக்கு வேண்டுதல்" என்று அக்கம்பக்கத்துக்குச் சொல்வார்கள். அக்கம்பக்கத்துக்கும் தெரியும்.

நகை தீர்ந்தால் தண்டல். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு எட்டாயிரத்து ஐந்நூறு போலக் கையில் கொடுப்பார்கள். தினம் நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். வேலைக்குப் போகாத நாளிலும் தண்டல்காரர் வருவார். மீட்டர் வட்டி, கந்து வட்டி எல்லாவற்றையும் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் அவசரத்துக்கு ஒரு மணி நேரத்தில் பணம் தருகிறவர் மேல் புகார் கொடுக்க ஒரு குடும்பத்துக்கு எளிதில் மனம் வராது. நாளைக்கும் அவரிடம்தான் போக வேண்டும்.

பெண்கள் பெயரில் வாங்கும் குழுக் கடனைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பத்துப் பேர் சேர்ந்து, ஒருவருக்கொருவர் பொறுப்பேற்று வாங்குவது. ஒருவர் தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் எல்லாரும் வந்து அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வீட்டுக் குடியின் செலவு இப்படித்தான் ஒன்பது வீடுகளுக்குப் பரவுகிறது.

2022 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கியின் விதி ஒன்று நடைமுறையில் இருக்கிறது. ஆண்டுக்கு மூன்று லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பங்களுக்குக் கொடுக்கும் இத்தகைய கடன்களில், குடும்பத்தின் மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. நல்ல விதிதான். நம் கற்பனை வீட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். காகித வருமானம் 24,200, அதில் பாதி 12,100. அவ்வளவு தவணை வரை விதி அனுமதிக்கிறது. ஆனால் வீட்டுக்கு உண்மையில் வந்து சேரும் பணம் எவ்வளவு? 24,200-இல் 11,800 போனால் 12,400. தவணை முழு அளவுக்கு ஏறினால் வீட்டு வாடகைக்கும் அரிசிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சேர்த்து 300 ரூபாய் மிச்சம். கடன் கொடுக்க வருகிறவர் வருமானத்தைக் கேட்டு எழுதுகிறார். அந்த வருமானம் வழியில் எந்தக் கடையைத் தாண்டி வர வேண்டும் என்பதற்குப் படிவத்தில் இடம் இல்லை.

உடம்பு, காப்பீடு, போலீஸ்

பணத்தை மொத்தமாகச் சாப்பிடுவது நோயும் விபத்தும். கல்லீரல், கணையம், இரவில் பைக்கிலிருந்து விழுந்து எலும்பு முறிவு. இங்கே பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. தனியார் மருத்துவக் காப்பீட்டில் போதைப் பழக்கத்துக்கான சிகிச்சையையும் அதன் விளைவுகளையும் விலக்குவதற்கென்றே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த ஒரு நிலையான வாசகம் இருக்கிறது. பாலிசியில் 'விலக்குகள்' என்ற பகுதியில் பன்னிரண்டாம் எண்ணைத் தேடுங்கள். இன்னொரு பக்கம், மது, போதைப்பொருளால் வரும் மனநலக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சேர்க்கிறது, மனநோய்க்கும் உடல்நோய் போலவே காப்பீடு தர வேண்டும் என்றும் சொல்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று இடிக்கிறதே என்றால், ஆமாம், இடிக்கிறது. அந்த இடியைத் தாங்குவது பில் கட்டுகிற குடும்பம்.

கஞ்சா, வலி மாத்திரை போன்றவை வந்தால் கணக்கு வேறு மாதிரி. பெரும்பாலும் மகன்தான். சம்பாதிப்பவர் இழக்கும் கூலியை விட, வீட்டில் காணாமல் போகும் பொருள்தான் முதலில் தெரியும்: சிலிண்டர், செல்போன், அம்மாவின் சேமிப்பு டப்பா. பிறகு வழக்கு, வக்கீல், ஜாமீன், சிறைக்குப் போய்ப் பார்த்துவரும் பஸ் காசு. சிகிச்சைக்கு அழைத்துப்போனால் போலீஸில் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள் என்று பயந்து பல பெற்றோர் மறைக்கிறார்கள். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சொந்தப் பயன்பாடு அல்லது சிறிய அளவு தொடர்பான குற்றத்தில் சிக்கிய போதை அடிமை, தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுத்து முடித்தால் வழக்கிலிருந்து விலக்குக் கிடைக்க அது வழி செய்கிறது. விற்றவருக்கு அது பொருந்தாது.

கஷ்டம்தான் குடிக்க வைக்கிறதா, குடிதான் கஷ்டத்தைக் கொண்டுவருகிறதா என்று கேட்டால் இரண்டும்தான். நாள் முழுக்க மூட்டை தூக்கியவர் உடம்பு வலிக்காகத் தொடங்கியிருப்பார். கடன்காரர் வந்துபோன இரவில் இன்னும் கொஞ்சம் கூடும். எது முதல் என்று தேடிக்கொண்டிருப்பதால் அந்த வீட்டுக்கு ஒரு பயனும் இல்லை.

எல்லாக் கதவையும் தட்டுகிறார்கள், ஒன்றைத் தவிர

இந்தக் குடும்பங்கள் உதவியே தேடுவதில்லை என்று நினைத்தால் அது தவறு. ரேஷன் அரிசியைத் தவறாமல் வாங்குவார்கள், அதுதான் அடுப்பை அணையாமல் வைத்திருக்கிறது. அடிபட்டால் அரசு மருத்துவமனை. அடித்தால் மகளிர் காவல் நிலையம், அங்கே ஒரு சமாதானம், எழுதிக் கொடுத்துவிட்டு வீடு திரும்புதல். பிள்ளையை விடுதியில் சேர்க்கத் தலைமையாசிரியரிடம் ஒரு வேண்டுகோள். கோயிலில் கயிறு. குடியை விடுவதாகச் சத்தியம் செய்து கயிறு கட்டிக்கொள்ளும் கோயில்கள் நம் மாவட்டங்களில் பல உண்டு. சிலர் அந்தக் கெடு முடியும்வரை உண்மையாகவே குடிப்பதில்லை, அதைக் கேலி செய்ய மாட்டேன். கெடு முடிந்த மறுநாள் என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி.

இவ்வளவு கதவுகளில் 'போதை சிகிச்சை' என்று பலகை போட்ட கதவு மட்டும் கடைசியில் வருகிறது. மேலே சொன்ன கணக்கெடுப்பில் என்னை உலுக்கியது மதுவுக்கு அடிமையானவர்களின் எண்ணிக்கை அல்ல. அவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையோ உதவியோ பெற்றதாகச் சொன்னார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர்.

ஏன் இப்படி? மானம் ஒரு காரணம், எல்லாரும் சொல்வது. என் கணிப்பில் அதைவிடப் பெரிய காரணம் அதே வீட்டுக் கணக்குதான். சிகிச்சை இலவசம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று நான்கு வாரம் உள்ளே இருந்தால் அத்தனை நாள் கூலி போகும். பல இடங்களில் கூட ஒருவர் இருக்கச் சொல்வார்கள், அது மனைவிதான், அவருடைய 5,000-மும் போகும். தண்டல்காரர் அந்த மாதம் லீவு விடமாட்டார். ஆக, எந்த வீட்டுக்குச் சிகிச்சை மிகவும் அவசரமோ அந்த வீட்டால்தான் இலவசச் சிகிச்சையைக்கூட வாங்க முடியவில்லை.

இன்னொன்று, சேவை ஆளைப் பார்க்கிறது, வீட்டைப் பார்ப்பதில்லை. காவல் நிலையத்துக்கு அவர் குற்றவாளி, எலும்பு வார்டுக்கு அவர் ஒரு கால், கடன் கம்பெனிக்கு அவர் மனைவி ஒரு தவணை. மூன்று இடத்திலும் இருப்பது ஒரே குடும்பம் என்பதைச் சேர்த்துப் பார்க்கிற மேசை ஒன்று கிடையாது. சென்னையில் சாந்தி ரங்கநாதன், குடியால் கணவரை இழந்தபின், 1980-இல் அவர் பெயரில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் அதன் டிடிகே மருத்துவமனையும் இந்த விஷயத்தில் முன்னோடி. நோயாளிக்கு மட்டுமல்லாமல் குடும்பத்துக்கும் சேர்த்தே அங்கே சிகிச்சைத் திட்டம் வைத்தார்கள். 1992-இல் சாந்தி ரங்கநாதனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. தமிழக அரசும் 2025-இல் 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களை அரசு மருத்துவமனைகளில் திறந்தது. ஒரு கையால் டாஸ்மாக்கையும் மறு கையால் கலங்கரையையும் அதே அரசுதான் நடத்துகிறது என்பது வேறு விஷயம். 2003 முதல் மது சில்லறை விற்பனை அரசிடம்தான் இருக்கிறது.

குடும்பம் என்ன செய்யலாம்

கடனை அடைத்து, மேஸ்திரியிடம் "காய்ச்சல்" என்று பொய் சொல்லி, வாந்தியைக் கழுவி விடுவதை ஆலோசகர்கள் முட்டுக்கொடுத்தல் என்பார்கள். அந்த முட்டு இருக்கும்வரை குடியின் விலை குடிக்கிறவருக்குத் தெரியாது. ஆனால் "நீ முட்டுக்கொடுத்ததால்தான் அவர் குடிக்கிறார்" என்று மனைவி மேல் பழி போடுகிறவர்களை நான் நம்புவதில்லை. முட்டை எடுத்தால் சுவர் யார் தலையில் விழும் என்று அவருக்குத்தான் தெரியும். செய்யக்கூடியது, அவருக்காகப் புதுக் கடன் எடுக்காமல் இருப்பது. தபால் நிலையத்திலோ வங்கியிலோ தன் பெயரில் மட்டும் ஒரு கணக்கு, கார்டும் எண்ணும் தன்னிடம்.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் அடியை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் இருப்பது, சீதனத்தையும் வீட்டுப் பொருளையும் விற்றுத் தீர்ப்பது ஆகியவையும் 'பொருளாதார வன்முறை'தான். மாஜிஸ்திரேட் பணம் கொடுக்கச் சொல்லி உத்தரவிட்டும் கணவர் கொடுக்காவிட்டால், வேலை கொடுப்பவரே சம்பளத்தில் ஒரு பகுதியை நேராக மனைவியிடம் கொடுக்கும்படி உத்தரவிடலாம். சனிக்கிழமை வாசலில் நின்று கேட்பதற்குச் சட்டத்தில் இப்படி ஓர் இடம் இருக்கிறது. மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் இதற்கென்று பாதுகாப்பு அலுவலர் இருப்பார். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்ட உதவி இலவசம், எண் 15100. அடி, மிரட்டல் என்றால் 181. குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098.

சிகிச்சைக்கு வழி கேட்க 14446, இது போதை மீட்புக்கான தேசிய உதவி எண். மனம் உடைந்துபோய் யாரிடமாவது பேசினால் போதும் என்றிருந்தால் 14416. குடிக்கிறவர் வர மறுத்தாலும் வீட்டில் உள்ளவர் தனியாக அழைத்துப் பேசலாம். இதைப் பலர் நம்புவதில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். "தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், குடியை மறப்பார்" என்று விற்கிற பொடியை வாங்காதீர்கள். குடியை நிறுத்த மருத்துவர்கள் தரும் டைசல்ஃபிரம் என்ற மருந்து இப்படி உள்ளே போயிருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து வரலாம். மற்றது, பல வருடம் தினமும் குடித்தவரை அறையில் பூட்டி ஒரே நாளில் நிறுத்தச் சொல்லக் கூடாது. ஓரிரு நாளில் வலிப்பு வரலாம், அதற்கு அடுத்து இல்லாத ஆளிடம் பேசுகிற பிதற்றலும் வரலாம். நிறுத்துவதை மருத்துவர் மேற்பார்வையில்தான் தொடங்க வேண்டும்.

முதல் முறை போகும்போது ஆதாரும் ரேஷன் அட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், சாப்பிடும் மற்ற மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். கூலி வேலை என்றால் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். படுக்கையில் சேர்க்காமல் வெளிநோயாளியாகவே மருந்து கொடுத்துப் பார்க்க முடியுமா என்று அவர் யோசிப்பார், சிலருக்கு அது முடியும். அவர் கட்டாயம் கேட்கப் போகும் கேள்விகள் இரண்டு: கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, இதற்கு முன் நிறுத்தியபோது வலிப்பு வந்ததா. இரண்டுக்கும் சரியான பதில் பெரும்பாலும் மனைவியிடம்தான் இருக்கும்.